முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே

அவர் கைக்குப் போன எந்தக் காகிதமும் மடிப்பில்லாமல் திரும்பியதில்லை. பஸ் டிக்கெட், மளிகைச் சீட்டு, கோயில் குங்குமம் வந்த துண்டுத் தாள், எதுவானாலும் முதலில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, பிறகு குறுக்கே ஒரு மடிப்பு. கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை ஒருமுறை நீவிவிடுவார். அதன் பிறகு அதில் என்ன இருந்தது என்பது அவருக்கும் அந்தக் காகிதத்துக்கும் இடையிலான விஷயமாகிவிடும்.

தியாகராய நகரில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைத்தோம். அவருடைய பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் தம்மைப் பற்றி ஒருத்தி உட்கார்ந்து எழுதுகிறாள் என்பதே அவருக்குப் பிடித்திருக்காது. பெயரையாவது அவரிடமே விட்டுவைக்கிறேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய செருப்பிலிருந்து தொடங்கின. ஒரு திங்கட்கிழமை காலை அவர் நாற்காலிக்குக் கீழே மணல் உதிர்ந்து கிடந்தது. டெலிபோன் ஆபரேட்டர் விசாலம் அதைப் பார்த்துவிட்டு, “கடற்கரைக்கா போனீங்க? யாரோட?” என்று கேட்டாள்.

“தனியாத்தான். காலையில ஆறரை மணிக்கு அங்கே யாரும் இருக்கமாட்டாங்க.”

ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கடலைப் பார்க்கப் போகலாம் என்பது எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை. அடுத்த வாரம் ஐந்து பேராகப் போனோம். அக்கா, விசாலம், டைப்பிஸ்ட் கமலா, நான், முனியம்மா. முனியம்மா எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை கோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பவள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் கரையோரக் குடிசை வரிசையில் இருந்தாள். மூன்று குழந்தைகளையும் நாத்தனாரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து மயிலாப்பூர் குளக்கரைக்கு எங்களுக்கு முன்பே வந்து நின்றிருப்பாள். “மத்த ஆறு நாளும் எனக்கில்ல. இந்த ஒரு காலையாவது எனக்கு இருக்கட்டும்” என்பாள்.

எங்கே போவது என்பதில்தான் தகராறு. குரல் உயர்ந்தவள் கமலா. முதல் நான்கு வாரமும் அவள் சொன்ன இடத்துக்கே போனோம். ஐந்தாவது வாரம் அக்கா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அவர் மேசையைச் சுற்றி நிற்போம். அரக்கு, பசை, நூல்கண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுப்பார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அவரவர் விருப்பத்தைக் குறித்து, அவர் சொன்ன முறையில் மடித்து, டின்னில் போட வேண்டும். அவரும் ஒன்று போடுவார். மூடிக் குலுக்குவார். தனியாக நின்று பிரித்து எண்ணி, இடத்தை மட்டும் அறிவித்துவிட்டுச் சீட்டுகளைச் சுக்குநூறாகக் கிழிப்பார்.

இதில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. எழுதக்கூடாது, படம் போட வேண்டும். மீன் என்றால் எலியட்ஸ் கடற்கரை. மான் என்றால் கிண்டிக் காடு. மரம் என்றால் அடையாற்றுப் பெரிய ஆலமரம். கொக்கு என்றால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம்.

“எதுக்குக்கா சின்னப் பிள்ளை மாதிரி படம்?” என்று நான் கேட்டேன்.

“கையெழுத்து கண்ணுக்குப் பழகிடும்மா. யார் எழுதினதுன்னு தெரிஞ்சிடும்.”

படமும் பழகிவிடாதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் ஒரு காரணம் சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொன்று மடிந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முடிவை அறிவிக்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு குறும்பு வரும். “மூணு மான், ரெண்டு மீன். ஒரு மானுக்கு அஞ்சு கால் இருக்கு. பரவாயில்லை, செல்லும்.” அந்த ஐந்து கால் மான் மாதத்துக்கு ஒருமுறையாவது வந்தது. யாருடையது என்று ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

வெளியே போன இடத்திலும் அவர் இப்படித்தான். “அதோ பார்” என்று ஒருமுறைகூட விரல் நீட்டியதில்லை. கிண்டியில் புதருக்குள் ஒரு வெளிமான் நின்றால் அவர் வெறுமனே நடையை நிறுத்துவார். நாமும் நின்று, தேடி, கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடிக்காதவளுக்கு மான் கிடையாது. விசாலம் இரண்டு மாதம் வரை மரக்கிளைகளை மானென்று எண்ணிக் கும்பிடாத குறை. முகத்துவாரத்தில் ஆயிரம் பறவைகள் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கையில் கமலா திடீரென்று அழத் தொடங்கினாள், பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் மூவரும் அவளைச் சூழ்ந்துகொண்டு என்ன என்ன என்று கேட்டோம். அக்கா எழுந்து பத்தடி தள்ளிப்போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அது கல்மனமாகத் தெரிந்தது. திரும்பும் பஸ்ஸில் கமலா தானாகவே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடையாறு பாலம் தாண்டும்வரை தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தாள். எங்களிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

ஒருமுறை நான் தவறு செய்தேன். சீட்டுகளைப் பிரிக்கும்போது அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு மீனின் கண்ணுக்கு நீண்ட இமைமயிர்கள் வரையப்பட்டிருந்தன. “இது கமலாவோடதுதான்! மீனுக்குக்கூட மை தீட்டி விட்டிருக்கா பாருங்கோ!” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், கமலாவும்தான். அக்கா சிரிக்கவில்லை. மீதிச் சீட்டுகளைப் பிரிக்காமலே கிழித்து, டின்னை மூடினார்.

“இந்த வாரம் கிடையாது.”

“அக்கா, விளையாட்டுக்குத்தானே…”

“எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வாரம் கிடையாது.”

குரலில் கோபம் இல்லை. திங்கட்கிழமை எப்போதும்போல் என்னிடம் பேசினார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அப்பளத்துக்கு மாவு பிசைந்தபோது ஐந்து பேருடைய காலைப்பொழுது என் வாயால் போயிற்றே என்று மனம் கனத்தது. முனியம்மாவுக்கு இருந்தது வாரத்தில் அந்த ஒரே ஒரு காலை என்பது அதைவிடக் கனத்தது.

இப்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போன பிறகு தேர்தல் வந்தது. சுவரெல்லாம் சின்னங்களாயிற்று. சாயங்காலமானால் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகள் மாட வீதிகளைச் சுற்றின. கமலாவின் பெரியப்பாவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. தெற்கே இருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பம், ஒரு கட்சிக்கு உயிரையே கொடுப்பவர்கள். விசாலத்தின் வீடு நேர் எதிர்க்கட்சி. எலியட்ஸ் கடற்கரைக்குப் போகும் பஸ்ஸிலேயே இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“உங்க ஆளு போன தடவை ஜெயிச்சப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாரா?”

“உங்க ஆளு எட்டிப் பார்க்கவே வேண்டாம்டி. சுவரைப் பூரா அவர் மூஞ்சிதானே நம்மைப் பார்க்குது.”

கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “யம்மா, பொதுக்கூட்டத்த எறங்கினப்புறம் வெச்சுக்கங்க. இன்னும் டிக்கெட்டே வாங்கல!”

என் வீட்டிலும் பேச்சு இதுதான். ஆனால் எங்கள் வீட்டில் விவாதம் கிடையாது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா அறிவித்தார். “நம்மாத்துல நாலு ஓட்டு. நாலும் ஒரே இடத்துக்குத்தான் போகணும். புரியறதா?” அம்மா ரசக் கரண்டியோடு தலையை ஆட்டினாள். அண்ணா ஆட்டினான். அது எனக்கு முதல் ஓட்டு. நானும் ஆட்டினேன். என் மனத்தில் வேறொரு பெயர் இருந்தது என்பதை எனக்கே நான் சொல்லிக்கொள்ளத் தயங்கிய காலம் அது.

அந்தச் சில வாரங்களில் அக்காவின் டின்னில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. “ரெண்டு மீன், ஒரு மரம், ஒரு கொக்கு. ஒண்ணு வெறும் தாள்” என்றார் ஒரு சனிக்கிழமை. அடுத்த வாரமும் ஒன்று வெறும் தாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. எங்களையும் கேட்கவிடவில்லை.

வாக்குப்பதிவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எலியட்ஸ் கடற்கரையில் இருந்தோம். வெயில் ஏறவில்லை. கட்டுமரங்கள் திரும்பிக்கொண்டிருந்தன. விசாலம் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தபோது முனியம்மா மட்டும் கை நீட்டவில்லை.

“யக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஓட்டு போட்டா, யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சிடுமா?”

“யாருக்குத் தெரியும்னு கேக்கறே?”

“அந்தக் கட்சி ஆளுங்களுக்குத்தான். எங்க வரிசை பொம்பளைங்களை எல்லாம் ஒண்ணா நிக்க வெச்சு, சூடத்தை ஏத்தி, அடிச்சு சத்தியம் வாங்கிக்கினு போய்ட்டாங்கக்கா. மாத்திப் போட்டா கண்டுபுடிச்சிடுவோம்ன்றான். சீட்டுல நம்பரு கீதாமே? அத்த வெச்சுக் கண்டுபுடிச்சு, ஊட்டைப் பிரிச்சு, ஊருக்கு அப்பால கொண்டுபோய்ப் போட்ருவானாம். கொயந்திங்க ஸ்கூலு இங்க. எனக்கு வேலை இங்க. அப்பால இருந்து நான் எப்படி வருவேன்?” மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டினாள். “ஆனா என் மனசு வேற பக்கம் கீதுக்கா. போன மழையில ஆத்துத் தண்ணி உள்ள பூந்தப்போ எங்களுக்குக் கஞ்சி ஊத்தினது…”

அக்கா சட்டென்று கையை உயர்த்தினார். “வேண்டாம். யாருன்னு என்கிட்டேகூடச் சொல்லாதே.”

அவள் கொட்டிய மணல் படாமல் விசாலம் இலையை நகர்த்தி வைத்தாள்.

“சத்தியத்தைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது, முனியம்மா. அது உனக்கும் உன் சாமிக்கும் நடுவுல. ஆனா தெரிஞ்சிடுமான்னு கேட்டே பாரு, அதுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்.” அக்கா நிதானமாகப் பேசினார். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடி வேலைக்குப் போனவர் அவர். “நம்பர் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா சீட்டைக் கிழிச்சப்புறம் நம்பரோட நிக்கிற அடிக்கட்டையெல்லாம் மூட்டை கட்டி, அரக்கு வெச்சு சீல் போட்டுடுவோம். நானே போட்டிருக்கேன். உங்க வரிசை ஆளு கேட்டா எடுத்துக் காட்ற சாமான் இல்லை அது.”

“பெரிய எடத்து விசயம்க்கா. எனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா முனியம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, “ரெண்டு வருஷமா வாராவாரம் சீட்டுப் போடறே. நீ என்ன போட்டேன்னு இவங்கள்ல யாருக்காவது தெரியுமா, கேளு” என்றார்.

முனியம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“மீன்தானே எப்பவும்?” என்றாள் கமலா.

“இல்லையே, மான். கிண்டின்னா இவ முகமே மலர்ந்துடும்” என்றாள் விசாலம்.

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

முனியம்மாவின் உதட்டோரம் மெல்ல நெளிந்தது. “நீயாவது பிரிச்சுப் பாக்கறியே. உனக்குத் தெரியும் இல்லக்கா?”

“எத்தனை மான்னு தெரியும். எது யாரோடதுன்னு தெரியாது. அதுக்குத்தானே குலுக்கறேன்? அதுக்குத்தானே எல்லாரும் ஒரே மாதிரி மடிக்கணும்னு உயிரை வாங்கறேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பள நாளில் முனியம்மா கட்டைவிரலை மையில் ஒற்றி உருட்டுவதை நான் மாதாமாதம் பார்த்திருக்கிறேன். எழுதத் தெரிந்த நான்கு பேருக்கு நடுவே எழுதத் தெரியாத ஒருத்தியின் சீட்டு, டின்னைத் திறந்த உடனே தனியாகத் தெரிந்துவிடும். அந்த ஒரு சீட்டை மறைப்பதற்காகவே தம்மையும் சேர்த்து எங்கள் ஐந்து பேரையும் அவர் மானும் மீனும் வரைய வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளாக இதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறைத்ததன் பொருளே போயிருக்கும்.

முனியம்மா எலுமிச்சைச் சாதத்தை இலையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அப்ப நான் பாத்துக்கறேன்” என்றாள். அவ்வளவுதான். என்ன பார்த்துக்கொள்வாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

வாக்குப்பதிவுக்கு முதல்நாள் அக்கா பெட்டியும் கையுமாக வேறொரு தொகுதிக்குக் கிளம்பிப் போனார். அவருடைய ஓட்டு தபாலில் போகும். அதை அலுவலகத்தில் ஒட்டும்போதும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஒட்டினார்.

மறுநாள் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் முதல் ஓட்டு. அப்பாவும் அண்ணாவும் ஆண்கள் வரிசையில், அம்மாவும் நானும் பெண்கள் வரிசையில். விரலில் மை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் வாக்குச் சீட்டை எடுத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு என்று மடித்துக் காட்டிவிட்டு, மறுபடி பிரித்து என்னிடம் கொடுத்தாள். “இதே மாதிரி மடிச்சுப் போடுங்க. இல்லேன்னா மை இன்னொரு பக்கம் ஒட்டிக்கும்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைப்புக்குள் போய் நின்றபோது அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஒரு நொடி என் முன்னால் வந்தது. குடிசையை இழக்கப் பயந்தவளைப் பார்த்து மனம் இரங்கிய நான், ஒரு மூக்குக்கண்ணாடிக்குப் பயந்துகொண்டு நிற்கிறேனே என்று தோன்றியது. முத்திரையைக் குத்தினேன். மடித்தேன். நகத்தால் நீவினேன்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். “சரியாப் போட்டியோ?”

“போட்டேம்ப்பா.”

அவருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்கும்.

முனியம்மாவின் கதையை அடுத்த நாள் தண்ணீர்ப் பானைக்கருகில் கேட்டோம். சாவடிக்குச் சற்றுத் தள்ளி அந்த ஆள் நின்றிருந்தானாம். “ஞாபகம் கீதா?” என்று கேட்டானாம். “கீது, கீது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம். “உள்ள ஒரே பயம்க்கா. அந்தம்மா சீட்டை மடிச்சுக் காட்டிச்சு பாரு, அட, நம்ம சனிக்கெழமை சீட்டு! அப்பால இன்னா பயம்? மான் போடற மாதிரி குத்திட்டு வந்துகினே இருந்தேன்.”

அவள் எதைக் குத்தினாள் என்று எனக்குத் தெரியாது. சூடத்தை அடித்துச் செய்த சத்தியப்படியே குத்தினாளா, மனம் சொன்னபடி குத்தினாளா என்பதும் தெரியாது. முடிவுகள் வந்தன. அந்த ஆள் வரிசைக்கு வந்து எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போனானாம். முனியம்மாவும் கும்பிட்டாளாம். குடிசையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. நான் அங்கே வேலையில் இருந்தவரை அவள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தே பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

தேர்தல் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. கமலாவும் விசாலமும் சமாதானமாகி ஒரே டப்பாவிலிருந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். அக்கா தாள்களைக் கிழித்துக் கொடுத்தார். முனியம்மா தன்னுடையதை வாங்கிக்கொண்டு, “இன்னாத்துக்குக்கா சீட்டு? வாயாலயே சொல்லிட்றேன். எனக்கு…” என்று தொடங்கினாள்.

“சொல்லாதே. போடு” என்றார் அக்கா.

போட்டோம். டின்னைக் குலுக்கிவிட்டு அவர் திறக்கப் போனபோது முனியம்மா கையை நீட்டினாள். “இன்னிக்கு நான் பிரிக்கட்டா?”

அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு டின்னை அவளிடம் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியைத் தினமும் துடைத்தாலும் அதில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“மீனு. மானு. கொக்கு. இன்னொரு மானு.” ஐந்தாவதைப் பிரித்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இதுவும் மானுதான். அஞ்சு காலு கீது. செல்லும்.”

கமலாவால் பொறுக்க முடியவில்லை. “யார் போட்டது அது? காட்டு, காட்டு!”

முனியம்மா சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அதெல்லாம் கேக்கக் கூடாது. கிண்டி. நாளைக்குக் காத்தால ஆறரை மணிக்குக் கொளத்தாண்ட.” அந்த வாரம் வெறும் தாள் ஒன்றுகூட இல்லை. ஐந்தையும் ஒன்றாக வைத்துச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

அக்கா அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சன்னல் பக்கம் நின்றிருந்தார். காலையில் வந்த பஸ்ஸின் டிக்கெட் அவர் விரல்களுக்கிடையே இருந்தது. அதை நீளவாக்கில் மடித்தார், குறுக்கே மடித்தார், நகத்தால் நீவினார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் எனக்கு இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.